இடது பக்கம் கொஞ்சம் குறைவு

அவர் வீட்டில் ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வயலின் ஆரம்பிக்கும், மிருதங்கம் வந்து சேரும், பாடகி வாயைத் திறப்பதற்குள் அவர் எழுந்துபோய் நிறுத்திவிடுவார்.

"பாத்தீங்களா? இடது பக்கம் கொஞ்சம் குறையுதுங்க."

மறுபடியும் முதலிலிருந்து வயலின்.

1996இல் கல்யாணமாகி மில்பிடாஸ் என்ற அமெரிக்க ஊருக்கு வந்து இறங்கிய இரண்டாவது வாரம் அவர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். என் கணவரோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தவர், கோயம்புத்தூர்க்காரர். அதே அபார்ட்மெண்ட் வளாகத்தில் பின் கட்டடத்தில் குடியிருந்தார். கதவைத் திறந்ததும் சோபாவைத் தேடினேன், இல்லை. மார்பு உயரத்துக்கு இரண்டு கறுப்பு ஸ்பீக்கர்கள், எதிரே நடுவில் ஒரே ஒரு நாற்காலி. கார்ப்பெட் முழுக்க மாஸ்கிங் டேப் துண்டுகள். ஸ்பீக்கர் எங்கெங்கே நின்று பார்த்தது என்பதற்கு அடையாளமாம். ஜன்னலில் ரஜாய் என்கிற கனத்த பஞ்சுப் போர்வைகள் இரண்டை ஆணி அடித்து மாட்டியிருந்தார். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே ட்யூப்லைட்.

என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். "தலைய அசைக்காதீங்க. சாயவும் வேண்டாம்."

பிறகு சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினார். அவர் மனைவி வசந்தி அக்கா அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தவர், அடுப்பை அணைத்தார். பாதி வெந்த வடைகள் எண்ணெய்க்குள் அமிழ்ந்தன. ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். அவர்களுடைய மூன்று வயதுப் பெண் நிவேதா, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

நாற்பது விநாடி வயலின். நிறுத்தினார். "எப்படி?"

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்குண்ணா."

குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார். "காது பழகணுங்க."

வெகு மெதுவாகப் பேசுவார். எங்கள் வளாகத்துத் தமிழ்ப் பெண்கள் நடுவில் அதற்காகவே அவருக்கு நல்ல பெயர். "அந்த மனுஷன் சத்தம் போட்டு யாராவது பாத்திருக்கீங்களா?" என்று தங்கள் கணவர்களுக்குக் கேட்கும்படி சொல்வார்கள்.

எனக்கு அந்தக் குரல் உறுத்தியது. கல்யாணத்துக்கு முன் நான் சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் நான்கு வருடம் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் வேலை பார்த்தவள். சத்தம் புகாத சின்ன அறையில் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வேன். காதுக்குள்ளே அரிசியைவிடச் சிறிய எலும்பு ஒன்று உண்டு. சிலருக்கு அது முப்பது வயதுக்குமேல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிவிடும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வர வாய்ப்பு அதிகம். வெளிச் சத்தம் குறையக் குறைய அவர்களுடைய குரல் அவர்களுக்கே பெரிதாகக் கேட்கும், அதனால் தணிந்து பேசுவார்கள். அமைதியான அறையில் தடுமாறுவார்கள். இரைச்சலான இடத்தில் மற்றவர்கள் கத்திப் பேசுவதால் சமாளித்துக்கொள்வார்கள்.

அவர் அப்படித்தான் இருந்தார். டெலிஃபோனை எப்போதும் வலது காதில்தான் வைப்பார். வீட்டில் இடது பக்கமாக வந்து ஏதாவது கேட்டால் சிரித்து வைப்பார். ஹோட்டலில் பத்துப் பேர் கூச்சலில் எல்லாருக்கும் சரியாகப் பதில் சொல்வார். அவர் கலகலப்பாகப் பேசிய ஒரே இடம் அவருடைய கார். இந்த ஊரில் ஓட்டுகிறவருக்கு வலது பக்கம்தானே ஆள் உட்கார்வது. ஃப்ரீவேயில் டயர் இரைச்சலுக்கு மேலே என் கணவர் உரக்கப் பேச, அவர் ஜோக்குக்கு மேல் ஜோக்காகச் சொல்லிக்கொண்டு வருவார். காரை நிறுத்தி வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய மனிதர்.

ஒரு மாதத்துக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்வது? நான் டிபெண்டென்ட் விசாவில் வந்தவள். வேலை பார்க்கக் கூடாது, கார் ஓட்டத் தெரியாது. காலை ஏழு மணிக்கு என் கணவர் கிளம்பினால் திரும்பி வரும்வரை நான்கு சுவர்தான். இந்த நாட்டில் என் படிப்புக்கும் வேலைக்கும் மதிப்பு உண்டா என்றுகூடத் தெரியாது. வீட்டில் சும்மா இருப்பவள் ஒரு இஞ்சினியரிடம் போய், உங்கள் காதில் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

அவரோ ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனார். இடது ஸ்பீக்கரை வலதிலும் வலதை இடதிலும் வைத்துப் பார்த்தார். இடதுதான் குறைந்தது. கட்டை விரல் பருமனுக்கு ஒயர் வாங்கினார். ஆம்ப்ளிஃபையரை மாற்றினார். ஒரு ஜோடி ஸ்பீக்கர் போய் இன்னொரு ஜோடி வந்தது. சனிக்கிழமைதோறும் சான் ஹோசேயில் ஒரு கடை, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடை, பேப்பரில் விளம்பரம் கொடுத்த யாரோ ஒருவர் வீடு. வசந்தி அக்காவும் நிவேதாவும் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். "உள்ள வந்தா பாப்பா பேசிடுவா" என்பார் அக்கா.

கடைசியில் குற்றம் சுவரில்தான் என்று முடிவுசெய்தார். அவர் வீட்டில் இடது பக்கம் ஜன்னல், வலது பக்கம் கெட்டிச் சுவர். எங்கள் பக்கத்து வீடு காலியானது. அது அவர் வீட்டையே கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும். இடது பக்கம் சுவர், வலது பக்கம் ஜன்னல். லீஸ் முடியும் முன்பே அங்கே மாறினார். என் கணவரும் இன்னும் இருவரும் சாமான் தூக்கினார்கள். கட்டிலைப் பூட்டும் முன்பே ஸ்பீக்கரை வைத்தாகிவிட்டது. வயலின் ஓடியது. நிறுத்தினார்.

நான் வாசலில் பாத்திர அட்டைப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் முகத்தை அன்று பார்த்தேன். அது ஏமாற்றம் இல்லை, பயம்.

எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த அந்த இஞ்சினியர் ஒன்றை மட்டும் செய்து பார்க்கவே இல்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி ஒருமுறை உட்கார்ந்திருந்தால் போதும். ஒரு காதை விரலால் பொத்தியிருந்தால் போதும்.

அதற்குப் பிறகுதான் வசந்தி அக்காவிடம் சொன்னேன். வளாகத்து லாண்டரி அறையில், நாலைந்து ட்ரையர்கள் சுற்றிக்கொண்டிருந்த இரைச்சலில். அந்த அறையில்தான் அக்கா வாய்விட்டுப் பேசுவார்.

"அக்கா, அண்ணாவுக்கு இடது காது சரியா கேக்கலன்னு நினைக்கறேன்."

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும் அம்மிணி."

"டாக்டர்கிட்ட காட்டலாமே."

"அவரு போகமாட்டாருங்க. எங்க மாமனார் பேங்க்ல கேஷியரா இருந்தாரு. நாப்பது வயசுல காது போயிருச்சு. கவுண்டர்ல ஆளுங்க கத்திக் கத்திப் பேசிச் சிரிப்பாங்களாம். அப்புறம் உள்ள ஒரு ரூம்ல தனியா உக்கார வெச்சுட்டாங்க. இவரு சின்ன வயசுல, கூட்டாளிங்க சிரிக்கோணும்னு, அப்பா முன்னாடி போய் சத்தமே இல்லாம வாய மட்டும் அசைப்பாராம். அவரும் ஏதோ பதில் சொல்லுவாராம். கல்யாணமான புதுசுல ஒரு தடவ இதச் சொல்லி அழுதாரு. அப்புறம் அந்தப் பேச்சே எடுக்கறதில்ல."

ஒரு சட்டையை உதறி மடித்தார். "கிரீன் கார்டு இன்னும் வரல. ஆபீஸ்ல தெரிஞ்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, மூணு பேரும் பொட்டியத் தூக்கோணும். குறை ஸ்பீக்கர்ல இருக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கற வரைக்கும் மனுஷன் எந்திரிச்சு வேலைக்குப் போறாரு. அது போதும் எனக்கு."

"இல்லக்கா, இதுக்கு வைத்தியம்..."

சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் நிறைந்துவிட்டன. "அவருகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு அம்மிணி."

பண்ணினேன். வைத்தியம் என்று ஆரம்பித்ததை அந்த இரைச்சலில் அவர் கேட்டாரா என்று தெரியாது. நான் இன்னொரு முறை ஆரம்பிக்கவில்லை. நான் நினைத்தது தவறாக இருந்தால்? சோதித்துப் பார்க்காமல் எப்படிச் சொல்வது? ஒரு வருடம் வீட்டுக்குள் கிடந்ததில் எனக்குத் தெரிந்த விஷயத்தின் மேலேயே நம்பிக்கை போயிருந்தது. இதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்தன. அவர் வந்து கதவைத் தட்டுவார். "அஞ்சு நிமிஷம் வந்து கேட்டுச் சொல்லுங்க." நாற்காலியில் உட்காருவேன். ஃப்ரிட்ஜ் நிற்கும், அக்கா நிற்பார், நிவேதா விரலை வைத்துக்கொள்வாள். ரஜாய் போர்த்திய ஜன்னலைப் பார்த்தாலே எனக்கு மூச்சு முட்டும். வயலின். பிறகு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள், எப்போது என்று ஞாபகமில்லை, "ஆமாண்ணா, இடது பக்கம் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியா வசந்தி? காது பழகிருச்சு அவங்களுக்கு!" என்றார். சமையலறையில் அக்கா என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் அதையே சொன்னேன். அதைச் சொன்னால்தான் எழுந்து வீட்டுக்குப் போக முடியும்.

வாரநாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் எங்களுக்கு நடுவில் இருந்த சுவர் வழியாக அதே வயலின் வரும். முதல் வருடம் காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும். மூன்றாவது வருடம் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. இன்னொரு காதும் போய்க்கொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அது எனக்கும் தெரிந்தது, என்னைப்போலவே சும்மா இருந்த வசந்தி அக்காவுக்கும் தெரிந்திருக்கும்.

1999 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வசந்தி அக்கா இன்னொரு தோழியின் காரில் மளிகை வாங்கப் போயிருந்தார். பக்கத்து வீட்டில் பாட்டுச் சத்தம் இல்லை. தட்டும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஸ்பீக்கரை நகர்த்துகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவரில் காதை வைத்தேன். நிவேதாவின் குரல்.

ஓடிப்போய் பெல் அடித்தேன், கதவை இடித்தேன். திறக்கவில்லை. அக்கா என்னிடம் கொடுத்து வைத்திருந்த சாவியை எடுத்துவந்து திறந்தேன்.

அவர் இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டு, டார்ச் வெளிச்சத்தில் ஒயரைத் திருகிக்கொண்டிருந்தார். பத்தடி தூரத்தில் பாத்ரூம் கதவு. பூட்டு சிக்கிக்கொண்டு உள்ளேயிருந்து குழந்தை இரண்டு கையாலும் கதவை அறைந்துகொண்டிருந்தாள். "அப்பா! அப்பா!" தொண்டை கம்மி, குரல் காற்றாக வந்தது. அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நிதானமாக இன்னொரு ஒயரை எடுத்தார்.

ஓரிரு விநாடி அப்படியே நின்று பார்த்தேன். இதைவிடத் தெளிவான சோதனை ஆஸ்பத்திரியில்கூட நான் செய்ததில்லை. பிறகு அவர் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்தவர், என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார்.

"பாப்பா," என்றேன்.

தோளால் நாலைந்து முறை மோதிக் கதவை உடைத்தார். நிவேதாவின் உள்ளங்கைகள் ரத்தம் கட்டிச் சிவந்திருந்தன. அவர் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். "ஐ கால்டு யூ, அப்பா," என்று என் புடவைக்குள் முகத்தை வைத்தபடி சொன்னாள். "ஐ கால்டு அண்ட் கால்டு."

"என்ன சொல்றா?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கள ரொம்ப நேரமா கூப்பிட்டாளாம்."

அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "எங்கப்பா காது வந்துருச்சு எனக்கு," என்றார்.

மூன்று வருடமாகச் சொல்லாததை நான் அப்போது சொன்னேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து, என் வாயை அவர் பார்க்கும்படி. சின்ன எலும்பைப் பற்றி, அது இறுகுவது பற்றி. "இது ஆபரேஷன் பண்ணி சரி பண்ணக்கூடியதுண்ணா. அந்த எலும்புக்குப் பதிலா சின்னதா ஒண்ணு வெப்பாங்க. எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு நல்லாக் கேக்கும்."

அவர் நம்பவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார், சொன்னேன்.

"எங்கப்பாவுக்கும் பண்ணியிருக்கலாமா?"

"அதே கோளாறா இருந்தா, பண்ணியிருக்கலாம்."

பிறகு கேட்டார்: "எனக்கு இதுதான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வந்த புதுசுலயே."

வழக்கம்போல மெதுவாகத்தான் பேசினார். "எனக்குக் கேக்கலைங்கறது எனக்குத் தெரியுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியும். சரி பண்ணலாம்னு எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுட்டே இந்தச் சேர்ல வந்து உக்காந்து, ஆமா குறையுதுன்னு சொல்லியிருக்கீங்க."

வாசலில் மளிகைப் பைகளோடு வசந்தி அக்கா நின்றிருந்தார். உடைந்த கதவையும் குழந்தையின் கையையும் பார்த்தார். நான் அவர்மேல் பழி போடவில்லை, சத்தியத்தைப் பற்றிப் பேசவில்லை. எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

அடுத்த வசந்தகாலத்தில் இடது காதில் ஆபரேஷன் நடந்தது. என்னைக் கூப்பிடவில்லை. லாண்டரி அறையில் அக்கா சொல்லித்தான் தெரியும். கட்டைப் பிரித்த முதல் நாட்களில் பேசுவதெல்லாம் பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருந்ததாம். மாதம் போகப்போகத் தெளிந்தது. வலது காதுக்கு ஒரு மெஷின் வைத்துக்கொண்டார். ஆபீஸில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஸ்பீக்கர்களை விற்றபோது வாங்க வந்தவரும் என் கணவரும்தான் தூக்கிக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். போட்டுக் காட்டுங்கள் என்று வந்தவர் கேட்டிருக்கிறார். "நல்லாத்தான் இருக்குது, கொண்டுபோங்க" என்று இவர் கழற்றி வைத்த ஒயரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். வாசல்வரைகூட வரவில்லையாம். ரஜாய்களைப் பிரித்ததும் அந்த வீட்டுக்குள் வெயில் வந்தது. டேப் துண்டுகளை அக்கா ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உரித்தெடுத்தார். ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டிச் சண்டை கேட்டது. அவர் குரல் நன்றாக உயர்ந்திருந்தது. "எங்கிட்ட மறைக்கோணும்னு உனக்கு யார் சொன்னா?" என்று கத்தினார். அக்காவும் விடாமல் கத்தினார். வளாகத்துப் பெண்கள் மறுநாள் உச்சுக்கொட்டினார்கள். நான் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, கடைசிவரை நின்று கேட்டேன்.

என்னிடம் அவர் பேசவில்லை. படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். பாட்டுக் கேட்கக் கூப்பிட்டு எங்கள் கதவை அவர் திரும்பத் தட்டவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமைகளிலிருந்து தப்பிக்க நினைத்தேனோ, அவை போனபிறகு என் நான்கு சுவரும் இன்னும் நெருங்கி வந்தமாதிரி இருந்தது.

2001இல் எனக்கும் வேலை பார்க்கலாம் என்று வொர்க் பெர்மிட் வந்தது. டிராயரில் வைத்தேன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது, இந்த ஊருக்கு மேலே படிக்க வேண்டும், யார் இடம் கொடுப்பார்கள் என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டு எட்டு மாதம் ஓட்டினேன். அந்த வருடம் அவர்கள் ஆபீஸில் நிறையப் பேரை வேலையிலிருந்து அனுப்பினார்கள், வசந்தி அக்காவின் கணவரும் ஒருவர். டெக்ஸாஸில் வேலை கிடைத்து, அங்கே பேர்லேண்டில் வீடு பார்த்துவிட்டார்கள். கிளம்பும் காலையில் வசந்தி அக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. அவர் ஒரு பெரிய மஞ்சள் கவரை நீட்டினார்.

"யூனிவர்சிட்டி அப்ளிகேஷன். உங்க சப்ஜெக்ட்தான். நேர்ல போய் விசாரிச்சேன். ஊர்ல படிச்சதுக்குக் கொஞ்சம் பாடத்தக் கழிச்சுக்குவாங்களாம்."

"எனக்கு எல்லாம் மறந்து போச்சுண்ணா."

"பொய் சொல்லாதீங்க," என்றார். இப்போது எல்லாரையும்போலத்தான் பேசினார், சாதாரணக் குரலில். "நீங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லைன்னு டாக்டர் சொன்னாரு. என்னைய மாதிரி எங்கெங்கயோ ஆளுங்க உக்காந்திருப்பாங்க. அவங்க வீட்டுக்குப் பக்கத்துல நீங்க குடி வர்ற வரைக்கும் அவங்க காத்துட்டு இருக்க முடியுங்களா?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் கீழே நிவேதா காரின் ஹாரனை அடித்தாள். உடனே திரும்பி, "வர்றேன், வர்றேன்!" என்று கத்திக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து அந்தப் படிவத்தை எழுதினேன். இந்தத் துறையில் முன் அனுபவம் என்ற கட்டத்தில் சென்னையின் நான்கு வருடங்களைப் போட்டேன். மில்பிடாஸில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த மூன்று வருடங்களை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.